மகனுக்காக ஒரு ஜெபம்

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு ஜெப ஆசிரமம். அதை நடத்திவந்தவர் சுகிர்தம். பேரப்பிள்ளை எடுத்தவர்கள் வந்தாலும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், அங்கே அதுதான் வழக்கம். ஞானதிரவியம் அவரைவிட வயதில் மூத்தவர். முதல் தடவை அக்கா என்று சொல்ல நாக்குக் கூசியது, பிறகு பழகிவிட்டது.

அன்று மதியம் அவர் வந்து உட்கார்ந்தபோது அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“என்ன, முகம் வாடிக் கிடக்கு?”

“அப்பா பாத்த உபதேசியார் வேலைக்கு என்னை வரச் சொல்லுதாவ அக்கா. நாளைக்குக் குருவானவருக்குப் பதில் சொல்லணும்.”

“நல்லதுதானே.”

“எனக்கு விசுவாசம் இருக்கான்னே தெரியல.”

அவர் ஊரில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். தவழ்ந்ததே கோயில் பாயில்தான். பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே பாடுவார். சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்து என்றால் குழம்புக்கு உப்புப் பார்ப்பதும் அவரே. ஆனால் அப்பாவை அடக்கம் செய்த அன்று, எல்லோரும் அழுதுகொண்டே பாடும்போது, தான் பாடுகிற எதுவும் தன்னுடையதில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்தப் பயம் அன்றிலிருந்து விடவில்லை. நம்பாத ஒருவன் உபதேசியாராகி நோயாளியின் தலையில் கைவைத்து ஜெபிக்கலாமா?

“ஒரு ஜெபம் பண்ணுங்க” என்றார் அக்கா.

அது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்ணை மூடினார். மழைக்காக, சபைக்காக, விதவைகளுக்காக என்று மூச்சு விடாமல் போனார். முடிக்கிற இடத்தில் குரல் தானாகவே தழுதழுத்தது.

“என் ஒரே மகன் உம்மை இன்னும் தனக்கென்று அறியவில்லை கர்த்தாவே. நான் கண்மூடும் முன்னே அவனை உம்மண்டை சேர்த்துக்கொள்ளும். ஆமென்.”

அக்கா ஒரு காம்பை ஒடித்துப் போட்டார்.

“மகன் என்ன பண்ணுதான்?”

“எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்கல்லா.” சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். “அது அப்பா பண்ணுத ஜெபம் அக்கா. குடும்ப ஜெபத்துல கேட்டுக் கேட்டு அப்படியே வாயில ஒட்டிக்கிட்டு.”

ஊரிலும் இதை யாரும் கவனித்ததில்லை. எல்லோருக்கும் பழகிப்போன ஜெபம், ஆமென் வந்ததும் எழுந்து போய்விடுவார்கள்.

“அப்ப அந்த மகன் யாரு?”

சிரிப்பு நின்றது. அப்பாவுக்கு வேறு மகன் கிடையாது.

“நான்தான்” என்றார் ஞானதிரவியம்.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. பக்கத்தில் முழங்கால் போட்டு, தூக்கக் கலக்கத்தில் அந்த ஜெபத்துக்கு ஆமென் சொன்னதும் ஞானதிரவியம்தான். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வெட்கமாக இருந்தது, அப்பாவைப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

அக்கா கீரைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“நாளைக்குக் குருவானவருக்கு என்ன சொல்லட்டும்?”

“அது நாளைக்கு. இப்ப ஆண்டவர்கிட்ட பேசுங்க.”

மறுபடியும் கண்ணை மூடினார். எவ்வளவு நேரமாகியும் ஒன்றும் வரவில்லை. ஒரு சங்கீதம் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டார்.

“ஆண்டவரே” என்றார் ஒருவழியாக. “நான் மாசிலாமணி உபதேசியார் மகன்...”

“அவரை ஆண்டவருக்கு நல்லாத் தெரியும்” என்றார் அக்கா. “நீங்க யாருன்னு சொல்லுங்க.”