செங்கண்ணி உருட்டிய கூழாங்கல்

கோரைக்குளத்துக் கரையில் செங்கண்ணி என்று ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். குளத்துக்கே செய்தி சொல்வது அவள் வேலை.

விடிந்ததும் கரைமேட்டில் ஏறி நிற்பாள். கழுத்தை நீட்டி, "கேளுங்க! கேளுங்க!" என்பாள். வேடன் வருகிறானா, ஓடையில் தண்ணீர் வருகிறதா, தெற்கே மழை இறங்குகிறதா, எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். அவள் "மழை" என்றால் ஒருவரும் நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பதில்லை. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு அப்போதே கிளம்பிவிடும். இதில் செங்கண்ணிக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே!

அந்த வருடம் குளத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தது. எருமை ஒரு பக்கம் நின்றது. காட்டுப்பன்றி எதிர்ப்பக்கம் நின்றது. யாரை ஆதரிக்கிறோமோ அவருடைய மேடையில் ஆளுக்கொரு பொருள் வைப்பது அந்தக் குளத்து வழக்கம். ஒருவர் களிமண் உருண்டை வைப்பார், ஒருவர் சுள்ளி வைப்பார். மேடை உயர உயர, அதில் ஏறிப் பேசுகிறவர் குரலும் உயரும்.

செங்கண்ணியின் மனசு எருமைப் பக்கம் இருந்தது. போன கோடையில் மந்தை தண்ணீர் குடிக்க வந்தபோது, அவளுடைய முட்டைகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனது அந்த எருமைதான். நன்றி மறக்கலாமா?

உச்சி வெயிலில் எல்லோரும் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, தன் கூட்டைச் சுற்றி அடுக்கியிருந்த கூழாங்கற்களில் ஒன்றை எடுத்தாள். இல்லை, எடுக்கவில்லை. அலகால் தூக்கினால் செய்தி சொல்லும் வாய்க்கு இழுக்கு என்று, காலால் உருட்டிக்கொண்டே போனாள்.

எருமை அரைக்கண்ணைத் திறந்தது. "நீ செய்தி சொல்றவளாச்சே, தாயி! இதெல்லாம் வைக்கலாமா?"

"கல்லை உருட்டினது என் காலுண்ணே! கூவுறது என் வாய்! காலுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம்?"

எருமைக்கு அது சரியாகத்தான் பட்டது. எருமைக்கு எல்லாமே சரியாகப் படும்.

மறுநாள் எருமை குளிக்க இறங்கி, தவளை முட்டைகளைக் கூழாக்கிவிட்டது. செங்கண்ணி அதை மறைக்கவில்லை. ஆனால் ஓடையைப் பற்றிச் சொல்லி, ஈசல் புறப்பட்டதைச் சொல்லி, கொக்கின் மருமகளுக்குக் கால் சுளுக்கியது வரைக்கும் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் சொன்னாள். அப்படிச் சொன்னது அவளுக்கே தெரியாது, பாவம்.

அன்று மாலை எருமையின் மேடையைச் சுற்றிவந்த கொக்கு சட்டென்று நின்றது. "இது யாரு வீட்டுக் கல்லு? செம்மண் நிறம், நடுவுல வெள்ளைக் கோடு! செங்கண்ணியக்கா தூரத்து ஓடையிலிருந்து கொண்டுவர்ற கல்லாச்சே!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? குளம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

"நான் இதுவரைக்கும் ஒரு பொய் சொல்லியிருக்கேனா?" என்று செங்கண்ணி சண்டைக்கு வந்தாள்.

"இல்லைக்கா," என்றது தவளை. "ஆனா எங்க முட்டை நசுங்கின சேதியை எத்தனாவதா சொன்னே?"

செங்கண்ணி "வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்று பறந்துவிட்டாள்.

நாலாம் நாள் பெருமழை. கிழக்குக் கரையில் பன்றி கோரைக்கிழங்கு தோண்டிப் போட்ட குழி வழியாகத் தண்ணீர் கலங்கலாகக் கசிய ஆரம்பித்தது. கரைக்குக் கீழேதான் செங்கண்ணியின் கூடு, அதில் நாலு முட்டைகள்.

"கிழக்குக் கரை கசியுது! பன்றி கிழங்கு தோண்டின இடம்! ஓடி வாங்க!"

பன்றிக் கட்சிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எருமை மேடைக் கல்லு பேசுது டோய்!"

எருமைக் கட்சிக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். "கேட்டீங்களா! பன்றி கரையைத் தோண்டிட்டான்! எருமையண்ணன் வாழ்க!" என்று குளத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். நம்பாதவர்களும் வரவில்லை, நம்பியவர்களும் வரவில்லை.

"கட்சிக்காகச் சொல்லலைய்யா! என் முட்டை அங்கே இருக்கு!" என்று செங்கண்ணி கதறினாள். அவள் வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சியதில்லை. அன்று கெஞ்சினாள்.

அப்போது கரையிலிருந்த வளையை விட்டு ஒரு நண்டு கோபமாக வெளியே வந்தது. "எவன்டா என் வீட்டுக்குள்ள தண்ணி விட்டது?"

"காலையிலேர்ந்து அதைத்தானே கத்துறேன், நண்டண்ணே!"

"காதுல விழுந்துச்சு. கட்சிக்காரி கத்துறான்னு திரும்பிப் படுத்துட்டேன். வயிறு நனைஞ்சப்புறம்தான் எழுந்தேன்."

அந்த நண்டு எந்த மேடையிலும் எதையும் வைத்ததில்லை. கொள்கை ஒன்றுமில்லை, சோம்பல்தான். ஆனாலும் அது "கரை போகுது!" என்று ஒரே ஒரு தடவை கத்தியதும் குளமே ஓடி வந்தது.

எருமை அந்தக் குழிக்குக் குறுக்கே படுத்தது. பன்றி மூக்கால் சேற்றைத் தள்ளியது. அதுவும் போதவில்லை. இரண்டு மேடைகளையும் பிரித்துக் களிமண்ணும் சுள்ளியுமாகக் கொட்டினார்கள். செங்கண்ணியின் கல்லும் அதோடு போய்க் கரைக்குள் புதைந்தது. கசிவு நின்றது.

செங்கண்ணி கூட்டுக்கு ஓடினாள். மூன்று முட்டைகள்தான் இருந்தன! கல் இல்லாத இடைவெளி வழியாக ஒன்று உருண்டு போயிருந்தது. நல்லவேளை, நண்டு அதைக் கொடுக்கில் பக்குவமாகப் பிடித்திருந்தது.

"இந்தா, உன் பிள்ளை. அந்தக் கல்லு அதோட இடத்துலயே இருந்திருந்தா இது உருண்டிருக்காது."

செங்கண்ணி அன்றைக்கே தூரத்து ஓடைக்குப் போய், வேறொரு கல்லைக் கொண்டுவந்து அந்த இடைவெளியை அடைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் கரைமேட்டில் ஏறினாள். "கேளுங்க! தெற்கே மழை இறங்குது!"

அது உண்மை. ஆனால் கொக்கு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தது. தவளை பார்த்தது. எறும்புகள்கூட முட்டையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டி, எல்லோரும் தொப்பலாக நனைந்தார்கள். அந்த மழையில் எல்லோரையும்விட அதிகம் நொந்துபோனவள் செங்கண்ணிதான்.

எல்லோருக்கும் பொதுவாகச் செய்தி சொல்கிறவர், ஒரு கட்சியின் மேடையில் ஒரே ஒரு கல்லை வைத்துவிட்டாலும், அதன்பின் அவர் சொல்லும் உண்மையைக்கூட ஊர் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நம்பும்.