எஸ்தாக்கி வெட்டிய கிணறு

பெரியவர்களும் பிள்ளைகளும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மேற்கு மலையின் அடிவாரத்தைச் சிற்றரசர்கள் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே செம்மணல்பட்டி என்று ஓர் ஊர். அந்த ஊரில் எஸ்தாக்கி என்றொரு கிறிஸ்தவன் இருந்தான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைப்பவன். அவன் மனைவி லூசியாள்.

வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் தவறக் கூடாது. தவறினால் கொடி வாடும், வாடிய கொடி பிறகு எழும்பாது. மழை பொய்த்த ஓர் ஆண்டில் வாய்க்கால் வற்றிப் போயிற்று. எஸ்தாக்கி மண்வெட்டியை எடுத்தான், லூசியாள் கூடையை எடுத்தாள். அவன் வெட்டினான், அவள் சுமந்தாள். தங்கள் நிலத்தின் ஓரத்தில் ஒரு கிணறு தோண்டினார்கள். பாறையைத் தொட்டபோது ஊற்று பீறிட்டது. தண்ணீர் இளநீரைப் போல் இனித்தது.

அந்த நிலத்துக்கு அடுத்த நிலம் சிங்கராயருடையது. அவரும் கிறிஸ்தவர்தான். ஊரில் பெரிய பண்ணைக்காரர், கோவிலில் முன்வரிசையில் முழந்தாளிடுபவர். ஊரெங்கும் கிணறு வறண்டு கிடக்க, ஒரு கொடிக்கால்காரனின் கிணற்றில் தண்ணீர் ததும்புவதை அவர் பார்த்தார். பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் எல்லைக்கல் இடம் மாறியிருந்தது. கிணறு கல்லுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

எஸ்தாக்கி அரசரின் மணியக்காரரிடம் முறையிட்டான். அந்தப் பகுதியில் வழக்குக் கேட்பவர் அவர்தான். மூன்று பேர் ஒன்றாகச் சொன்னால் அது உண்மை என்பது அந்த நாட்டுச் சட்டம். சிங்கராயர் தம் பண்ணையாட்கள் மூன்று பேரைக் கொண்டு வந்து நிறுத்தினார்.

அது சிங்கராயரின் தகப்பனார் வெட்டிய பழைய கிணறு என்றான் மூக்கன். பிறகு அது தூர்ந்து போனதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னான் சவரியான். எஸ்தாக்கி தூரை அள்ளியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றான் வெள்ளையன்.

எஸ்தாக்கிக்குச் சாட்சி சொல்ல அவன் மனைவியைத் தவிர யாரும் இல்லை. கிணற்றை வெட்டியது யார் என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஊரில் பாதிப் பேர் சிங்கராயரின் நிலத்தை உழுதவர்கள், மீதிப் பேர் அவரிடம் விதைநெல் வாங்கியவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிணறு சிங்கராயருக்கே என்று தீர்ப்பானது.

அன்று மாலை எஸ்தாக்கி கோவிலுக்குப் போனான். பீடத்தின் முன் மண்டியிட்டான்.

"ஆண்டவரே, என் வழக்கைக் கேட்க இந்த ஊரில் ஆள் இல்லை. உம்மிடம் கொடுத்துவிட்டேன். இனி அது உம்முடையது" என்றான்.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

சிங்கராயர் வீட்டில் இடி விழவில்லை. அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. அவருடைய மாடு ஒன்று கூடச் சாகவில்லை. அவர் வயலில் நெல் விளைந்தது, எஸ்தாக்கியின் கொடிக்கால் காய்ந்தது. லூசியாள் தொலைவிலிருந்த ஆற்றிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்து பார்த்தாள். தோட்டத்தில் ஒரு மூலையை மட்டுமே காப்பாற்ற முடிந்தது.

எஸ்தாக்கிக்கு மனம் வலிக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சிங்கராயரின் முதுகுக்குப் பின்னால் முழந்தாளிட்டிருக்கும்போது, பிறர் செய்த தீமையைப் பொறுப்பதாகச் சொல்லும் இடம் ஜெபத்தில் வந்தால் அவனுடைய நாக்கு ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் ஜெபத்தை முடித்துவிடுவார்கள். அவன் அந்த வரியிலேயே நிற்பான்.

அப்போது லூசியாளின் தம்பி வந்தான். சிலம்பம் சுற்றுகிற பலசாலி. "மச்சான், ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிங்கராயர் சந்தைக்குப் போகிற வழியில் அவர் காலை முறித்துப் போடுகிறேன்" என்றான்.

எஸ்தாக்கி யோசித்தான். பிறகு, "வழக்கை ஓரிடத்தில் கொடுத்துவிட்டேன், மாப்பிள்ளை. அதை இன்னோர் இடத்துக்குக் கொண்டு போக மாட்டேன்" என்றான்.

சில மாதம் கழித்து ஊர் ஊராய்த் திரிகிற ஒரு மருந்துக்காரன் வந்தான். கதையைக் கேட்டுவிட்டு, தன்னிடம் ஒரு வேர் இருக்கிறது, கிணற்றில் போட்டால் தண்ணீர் கசந்துபோகும், யாருக்கும் தெரியாது என்று காதோடு சொன்னான். எஸ்தாக்கி அவனுக்கும் அதே பதிலைச் சொல்லி, ஒரு கவுளி வெற்றிலை கொடுத்து அனுப்பிவைத்தான். காப்பாற்றிய மூலையில் கிள்ளிய வெற்றிலை அது.

மூன்றாவது சோதனை வெளியிலிருந்து வரவில்லை.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. கோடையில் தண்ணீர் அடிக்கு இறங்கியதும், கிணற்றை இன்னும் ஆழமாக்க வேண்டும் என்று சிங்கராயர் முடிவு செய்தார். அதை ஒரு விருந்தாகவே நடத்த நினைத்தார். ஊரைக் கூப்பிட்டார், மணியக்காரரையும் கூப்பிட்டார். கிணற்றில் இறங்கப் போகிறவர்கள் மூக்கன், சவரியான், வெள்ளையன்.

செய்தி கேட்டதும் எஸ்தாக்கியின் முகம் மாறியது. லூசியாள் அதைக் கவனித்துவிட்டாள். அதன் காரணம் அவளுக்கும் தெரியும். அந்தக் கிணற்றின் வடக்குப் பக்கம் முழுவதும் சரிகிற மணல். தோண்டும்போதே எஸ்தாக்கி பனந்தடிகளால் முட்டுக் கொடுத்து, மேலே களிமண்ணைப் பூசியிருந்தான். ஒரு வருடத்தில் கல் கட்டிவிடலாம் என்று நினைத்திருந்தான். அதற்குள்தான் கிணறு கைமாறியது. ஈரத்தில் கிடந்த தடி இந்நேரம் இற்றிருக்கும்.

லூசியாள் அடுப்பை அணைத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்கள் கம்பெடுக்க வேண்டாம், விஷம் வைக்க வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். யார் பொய் சொன்னார்களோ அவர்களே இறங்கப் போகிறார்கள். ஆண்டவர் கொடுக்கிற தீர்ப்பு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது" என்றாள்.

எஸ்தாக்கிக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது. இத்தனை இனிப்பாக இருக்கிறதே என்றுதான் அவன் பயந்தான்.

"ஆண்டவர் அதை இடிக்க நினைத்தால், நான் போய்ச் சொன்னாலும் இடிப்பார், லூசியா. நான் வாயை மூடிக்கொண்டிருந்து அது இடிந்தால், இடித்தது நான்தான்."

அவள் அழுதாள். காய்ந்த கொடிகளைச் சொல்லி அழுதாள், சுமந்த குடங்களைச் சொல்லி அழுதாள், ஒரு வார்த்தை சொல்லாத ஊரைச் சொல்லி அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அவன் பின்னாலேயே புறப்பட்டாள்.

கிணற்றடியில் கூட்டம் நின்றது. மணியக்காரர் பந்தலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மூக்கன் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தான்.

எஸ்தாக்கி நேரே சிங்கராயரிடம் போனான்.

"ஐயா, ஆளை இறக்காதீர்கள். வடக்குச் சுவருக்குள் மணல் இருக்கிறது. பனந்தடிதான் அதைத் தாங்குகிறது. தடி இற்றுப் போயிருக்கும். ஒரு கடப்பாரை பட்டால் சுவர் முழுவதும் ஆள் மேல் விழும்."

சிங்கராயர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "என் தகப்பனார் வெட்டிய கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்று இவன் எனக்குச் சொல்கிறான்" என்றார். பிறகு, "மூக்கா, இறங்கு" என்றார்.

மூக்கன் கிணற்றை எட்டிப் பார்த்தான். எஸ்தாக்கியின் முகத்தைப் பார்த்தான். கயிற்றை விட்டுவிட்டான்.

சிங்கராயர் சவரியானை இறங்கச் சொன்னார். சவரியான் பின்னால் நகர்ந்து கூட்டத்தோடு நின்றுகொண்டான்.

சிங்கராயருக்குக் கோபம் வந்துவிட்டது. வெள்ளையனின் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார். வெள்ளையன் கிணற்று விளிம்பில் காலை ஊன்றிக்கொண்டான்.

"வெட்டினவரே வந்து இடியும் என்று சொல்கிறாரே, எப்படி ஐயா இறங்குவது?" என்றான்.

சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்ன என்பது அவனுக்குப் புரிந்தது. மணியக்காரர் இளநீரைக் கீழே வைத்தார்.

"யார் வெட்டினவர்?" என்று கேட்டார்.

வெள்ளையன் சிங்கராயரைப் பார்த்தான், கிணற்றைப் பார்த்தான். முதலாளியைவிட அந்த நேரத்தில் கிணறுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"எஸ்தாக்கி வெட்டினார். அந்த அம்மா மண் சுமந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்."

மணியக்காரர் மற்ற இருவரையும் கேட்டார். அவர்களும் அதையே சொன்னார்கள். அதன் பிறகு ஊரும் சொன்னது. அத்தனை நாள் பேசாதவர்கள், ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துக்கொண்டு சொன்னார்கள்.

மூன்று பேர் ஒன்றாகச் சொன்னால் அது உண்மை. சட்டம் அதே சட்டம்தான். மணியக்காரர் தம் தீர்ப்பைத் தாமே மாற்றினார். பொய்வழக்குக்குச் சவுக்கடி உண்டு, சிங்கராயருக்கு எத்தனை அடி கொடுக்கலாம் என்று எஸ்தாக்கியிடம் கேட்டார்.

எஸ்தாக்கி தலையை ஆட்டினான். கிணறு தன்னுடையது என்று மணியக்காரர் சொன்னதே போதும், வழக்கை ஆண்டவரிடம் கொடுத்துவிட்டதால் தண்டனையைச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்றான். சவுக்கு வெளியே வரவில்லை. ஆனால் எல்லைக்கல்லை வேறு யாரும் தொடக் கூடாது என்று மணியக்காரர் கட்டளையிட்டார். ஒரு செம்பைக் கூடத் தாமே தூக்கியறியாத சிங்கராயர், ஊர் பார்க்க அந்தக் கல்லைப் பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் போய்ப் பழைய இடத்தில் நட்டார்.

அந்த ஆண்டு மழையில் கிணற்றின் வடக்குச் சுவர் சரிந்தது. உள்ளே யாரும் இல்லை.

எஸ்தாக்கியும் லூசியாளும் மறுபடி மண்வெட்டியும் கூடையும் எடுத்தார்கள். அடுத்த நாள் மூக்கனும் சவரியானும் வெள்ளையனும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். லூசியாள் அவர்களோடு பேசவில்லை. ஆனால் மத்தியானம் அவர்களுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினாள்.

வேலை முடியப் போகிற சமயத்தில் சிங்கராயர் வந்தார். வரப்பில் வெகுநேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி வந்து, மண் சுமப்பவர்களோடு வரிசையில் நின்றார். எல்லோரும் லூசியாளைப் பார்த்தார்கள். அவள் ஒரு கூடையில் மண்ணை அள்ளினாள். சும்மாடு ஒன்றைச் சுருட்டி அவர் தலையில் வைத்து, கூடையைத் தூக்கி அதன் மேல் ஏற்றிவிட்டாள்.

கதை இவ்வளவுதான், இதன் நீதி என்னவென்றால், அநியாயத்துக்கு ஆளானவன் தன் வழக்கை ஆண்டவரிடம் ஒப்படைத்த பிறகு கையை நீட்டியோ வாயை மூடியோ தானே பழிவாங்காமல், தன்னால் ஆன நன்மையைச் செய்துகொண்டு அவருடைய நீதிக்குக் காத்திருக்க வேண்டும்.