எட்டாவது தாய்ப்பன்றி

“ஏழு போயிருச்சுங்க டாக்டரம்மா. எட்டாவதையும் இன்னைக்கு வண்டியேத்தியாச்சு. ஆனாலும் இந்தச் சனியன் கொட்டாய விட்டுப் போகமாட்டேங்குது” என்றார் செங்கோடன்.

சொன்னவருக்கு வயது ஐம்பத்தாறு. கால்நடை டாக்டர் மணிமொழிக்கு முப்பதுகூட ஆகவில்லை. வழி சொல்லும் குருவென்றால் தாடி வேண்டும் என்று யார் சொன்னது? இவருக்கு முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் இருந்தது. பன்றிப் பண்ணைக்கு அது போதும்.

ஒன்றரை வருடமாகச் செங்கோடனின் பண்ணையில் தலையீற்றெல்லாம் வீண். தாய்க்குக் காய்ச்சல் வராது, தீனி குறையாது. நாள் வந்ததும் ஈனும். ஒன்றோ இரண்டோ உயிரோடு வரும். மற்றவை வயிற்றிலேயே செத்து, கறுத்துச் சுருங்கி வரும். ஒன்று விரலளவு, ஒன்று கையளவு.

செங்கோடன், ‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்று நம்புகிறவர். குட்டிகளைச் சாகக் கொடுத்த பன்றியை மறுவாரமே கறிக்கடைக்கு அனுப்பிவிடுவார். அந்த இடத்துக்குப் புதிதாக ஒரு பெட்டை வாங்குவார்.

அதுவும் அப்படியே ஈனும்.

“நேத்து வரைக்கும் குட்டிக கெடந்த எடத்தையே மோந்து பாத்துட்டு இருந்துச்சுங்க” என்றார் அவர் மனைவி பாவாயி, வண்டியைப் பார்த்தபடி. “வாயில்லாத சீவன்.”

“ராசி கெட்டதுக்கு நீ வேற வக்காலத்து வாங்காத” என்றார் செங்கோடன். பிறகு டாக்டரிடம் திரும்பினார்.

“போன வாரம் எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்தீங்களே, எதெது மோசம்னு தெரிஞ்சுதுங்களா? ஒரு கோடு போட்டுக் காட்டுங்க. இதே வண்டியில அனுப்பிப் போடறேன்.”

மணிமொழி பையிலிருந்து சிவப்புச் சாக்கட்டியை எடுத்தார்.

கிழட்டுப் பன்றிகளைக் கடந்தார். வண்டியில் நின்ற எட்டாவதைத் தொடவே இல்லை. நேராகக் கடைசி அறைக்குப் போய், மினுமினுவென்று நின்ற மூன்று பெட்டைகளின் முதுகிலும் கோடு போட்டார்.

செங்கோடன் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

“ஏனுங்க, போன மாசந்தான் வாங்கினேன். இன்னும் கிடாகூடச் சேர்க்கல. இதுகளையா அனுப்பச் சொல்றீங்க?”

“அனுப்பச் சொன்னேனுங்களா?”

“அப்ப இதுகளுக்கு நோயிருக்குதா?”

“இல்லீங்கண்ணா. துளிகூட இல்ல.”

“பொறவு எதுக்குங்க கோடு?”

“பார்வோ வைரஸ்னு ஒண்ணு. உங்க கொட்டாய்த் தரையில மாசக்கணக்கா சாகாமக் கெடக்குது. சினையா இருக்கறப்ப மொதல் தடவையாத் தொத்துச்சுன்னா, தாய விட்டுட்டு வயித்துல இருக்கற குட்டிகளக் கொன்னுரும். இந்த மூணுக்கும் இன்னும் தொத்தல. கிடா சேர்க்கறதுக்கு முன்னாடி ஊசி போட்டாகணும். அதுக்குத்தான் கோடு.”

செங்கோடன் அந்த மூன்றையும் ஒருமுறை பார்த்தார். பிறகு வண்டியைக் காட்டினார்.

“அது?”

“அதுக்குத் தொத்தி, அதுவே எதுத்து ஜெயிச்சிருச்சு. ரத்தத்துல தெரியுது. இனி அந்த வைரஸ் அதயோ அது குட்டிகளயோ ஒண்ணும் பண்ணாதுங்க.”

“ஒண்ணும்?”

“ஒண்ணும் பண்ணாது.”

செங்கோடன் தீவனத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அப்ப... அந்த ஏழும்?”

மணிமொழி சாக்கட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். செங்கோடனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

செங்கோடன் எழுந்து போய் வண்டியின் பின்கதவைத் திறந்து, பலகையைச் சாய்த்து வைத்தார். பன்றி நகரவில்லை. அவரைக் கண்டதும் இன்னும் உள்ளே ஒதுங்கியது.

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“எறங்குங்க ஆத்தா” என்றார்.