துப்பாக்கியோடு பந்தியில் உட்கார்ந்தவர்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன்.

எனக்குச் சொன்னவர் கந்தப்பன். மலைமேல், மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே, சுனை ஓரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. அங்கே சமையல் அவர்தான். நடந்ததெல்லாம் தன் கண்முன்னால் நடந்தது என்பார். பொய் சொல்கிற மனிதர் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதையைக் கொஞ்சம் கிளறிவிடுவார்.

மடத்தில் குருவாக இருந்தவர் ஒரு பெண். நாற்பது வயதுகூட இருக்காது. அம்மை என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். அதிகம் பேச மாட்டார்.

ஒரு நாள் முற்பகலில் அவரைத் தேடி வையாபுரி வந்தார்.

அறுபதைத் தாண்டிய தோட்டக்காரர். கையில் இரட்டைக் குழல் துப்பாக்கி. அதைக் கீழே வைக்க மனமில்லாமல் ஒற்றைக் கையால் கும்பிட்டார்.

“தாயே, துப்பாக்கி வாங்கிட்டேன். பயம் போகல. ஏன்?”

அம்மை அவரைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்க்கவில்லை.

“சாப்பாட்டு நேரம். சாப்பிட்டுட்டுப் பேசலாம்.”

அந்த மடத்தில் அதுதான் வழக்கம். யார் வந்தாலும் முதலில் இலை. கேள்வி அப்புறம்.

கூடத்தில் எதிரெதிராக இரண்டு வரிசை இலை போட்டிருந்தது.

“துப்பாக்கிய அந்தத் தூணோரமா சாத்திட்டு உட்காருங்கய்யா” என்றார் கந்தப்பன்.

“சாத்த மாட்டேன்.”

கந்தப்பன் அம்மையைப் பார்த்தார்.

“கையிலேயே இருக்கட்டும்” என்றார் அம்மை.

வையாபுரி துப்பாக்கியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குழல் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்தில் இருந்தவர் தன் இலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்.

வையாபுரி அதைக் கவனித்தார். மரியாதை தெரிந்தவர். துப்பாக்கியை வலப்பக்கம் திருப்பினார்.

வலப்பக்கத்து இலை நகர்ந்தது.

முன்னால் நீட்டி வைத்தார். எதிர் வரிசையில் மூன்று பேர் எழுந்துகொண்டார்கள்.

கடைசியில் முழங்கால்களுக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்தார். குழல் கூரையைப் பார்த்தது.

“மேல குருவி கூடு கட்டியிருக்குங்கய்யா” என்றார் கந்தப்பன்.

யாரோ சிரித்தார்கள். வையாபுரியும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

குழம்பு வாளியோடு அவர் முன்னால் வந்து நின்ற கந்தப்பன் கேட்டாராம்: “ஊத்தட்டுமா, இல்ல கையத் தூக்கட்டுமா?”

வையாபுரிக்குக் கோபம் வந்துவிட்டது.

“சிரிங்க. நல்லாச் சிரிங்க. என் பக்கத்துத் தோட்டத்துல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டாங்க. அவனுங்க ஓடுறத நான் பாத்தேன். போலீஸ்ல சொன்னேன். ரெண்டு பேரைப் பிடிச்சாச்சு. ஒருத்தன் வெளிய இருக்கான். கோர்ட்டுல சாட்சி சொன்னா வீட்டோட முடிச்சிருவேன்னு எனக்கு ஆள் விட்டுச் சொல்லியிருக்கான். நீங்க யாராவது என் இடத்துல இருந்தா என்ன செய்வீங்க?”

சிரிப்பு நின்றது.

“போலீஸ் காவல் குடுக்கலையா?” என்று ஒருவர் கேட்டார்.

“அடிவாரத்துல இருந்து மேல வர வண்டி உண்டா அவங்ககிட்ட? வந்து சேரும்போது பாயில சுத்தி வச்சிருப்பாங்க என்னை.”

அவர் சொன்னது உண்மை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

வையாபுரிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“நான் ஒண்ணு சொல்றேன். இந்த மலையில வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருக்கணும். அவன் கையிலயும் இருக்கு, இவன் கையிலயும் இருக்குன்னு தெரிஞ்சா, ஒருத்தன் இன்னொருத்தன் வாசப்படி மிதிப்பானா?”

வரிசையின் ஓரத்தில் செல்லக்கனி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மிளகு பறிக்க வருகிறவள். சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரர் கையில அது இருந்திருந்தா, இன்னைக்கு இந்த இலை காலியாக் கிடந்திருக்கும்.”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? நான் வெளிய இருந்து வர்றவனப் பத்திச் சொல்றேன்.”

“என்னை அடிச்ச ஆளு வெளிய இருந்து வரலைங்க.”

அதற்குப் பிறகு எல்லோரும் குனிந்து சாப்பிட்டார்கள். வையாபுரியின் இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருந்தது.

இலை எடுத்த பிறகு அம்மை வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார். எல்லோருக்கும் துப்பாக்கியைக் கண்டு பயம் இருந்ததல்லவா, அம்மைக்கு இல்லை என்பார் கந்தப்பன். எனக்குத் தெரியவில்லை. இருந்திருக்கலாம்.

“செத்துப் போனவங்க வீட்டுல துப்பாக்கி இல்லையா?” என்று கேட்டார் அம்மை.



“இருந்துச்சு.”

“எங்க?”

“பீரோவுல. பூட்டி வச்சிருந்தார்.”

“இப்ப எங்க இருக்கு?”

“வெளிய இருக்கானே, அவன் கையில.”

கூடத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டார். வையாபுரி அவர் பக்கம் திரும்பினார்.

“அவசரப்படாதீங்க. அவர் பூட்டி வச்சாரு. அதுதான் தப்பு. சாவியத் தேடுறதுக்குள்ள கதை முடிஞ்சது. நான் பூட்டுறது இல்ல. படுக்கும்போது பக்கத்துல வச்சிருக்கேன். தோட்டா போட்டு.”

“தூங்குறீங்களா?”

“எங்க தாயே தூங்குறது? எலி ஓடினாலும் கை போயிருது. அதைக் கேக்கத்தானே வந்தேன்.”

“வீட்டுல யாரு யாரு?”

“நான், சம்சாரம், மகன், மருமக. பேத்தி ஒண்ணு.”

“ராத்திரி அவங்க எழுந்து நடக்க மாட்டாங்களா?”

வையாபுரியின் முகம் தெளிந்தது. இதற்கு அவரிடம் பதில் இருந்தது.

“அதெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன் தாயே. விளக்கு அணைச்ச பிறகு யாரு எழுந்தாலும் முதல்ல குரல் குடுக்கணும். ‘நான்தான்’னு சொல்லிட்டுத்தான் கதவைத் தாண்டணும். சம்சாரம் இந்த வயசுல பாத்ரூம் போகக்கூட ‘நான்தான், நான்தான்’னு சொல்லிக்கிட்டே போவா. ஆரம்பத்துல திட்டுனாங்க. இப்ப எல்லாருக்கும் பழகிருச்சு. குரல் வந்தா நம்ம ஆளு. வரலைன்னா அந்நியன்.”

“நல்ல ஏற்பாடு” என்றார் அம்மை.

வையாபுரி தலையசைத்தார்.

“பேத்தி நடக்குறாளா?”

“போன மாசம்தான் ஆரம்பிச்சா. இப்ப கட்டில்ல இருந்து தானே இறங்கிருவா. பிடிக்க முடியல.” அன்று முதல்முறையாக அவர் நிஜமாகச் சிரித்தார்.

“பேசுறாளா?”

வையாபுரி வாயைத் திறந்தார்.



துப்பாக்கி அவர் முழங்கால்களுக்கு நடுவே இருந்தது. அதைப் பிடித்திருந்த கையை அவர் பார்த்தார். அது யாருடைய கை என்பதுபோலப் பார்த்தார் என்று கந்தப்பன் சொல்வார். அப்புறம் குழலை மடித்துத் தோட்டாக்களை வெளியே எடுக்க முயன்றார். முடியவில்லை. அம்மை துப்பாக்கியை அசையாமல் பிடித்துக்கொண்டார். வையாபுரி தோட்டாக்களை எடுத்துத் தரையில் வைத்தார்.

பிறகு கேட்டார்.

“அப்ப அவன் வந்தா?”

“வருவான்.”

“வந்தா என்னைக் கொன்னுருவான் தாயே.”

அம்மை மறுக்கவில்லை.

“இருட்டுல அவனும் உங்களைத் தேடித்தான் வருவான். பேத்தியும் உங்களைத் தேடித்தான் வருவா” என்றார்.

வையாபுரி துப்பாக்கியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இதை நீங்களே வச்சுக்குங்க.”

“உங்க பேருல இருக்குற துப்பாக்கிய நான் வச்சுக்கக் கூடாது. தேர்தல் வந்தா துப்பாக்கிய எல்லாம் ஒப்படைக்கச் சொல்வாங்களே, அப்ப எங்க கொண்டு போய்க் குடுப்பீங்க?”

“அடிவாரத்து ஸ்டேஷன்ல.”

அம்மை எழுந்து சுனைப் பக்கம் போய்விட்டார்.

வையாபுரி கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு துப்பாக்கியை ஒரு கையிலும் தோட்டாக்களை மறு கையிலும் எடுத்துக்கொண்டு மலை இறங்கினார்.

இங்கேதான் கதை முடிகிறது. கந்தப்பன் எப்போதும் இங்கேதான் நிறுத்துவார். ஒரு கல்யாண வீட்டில் அவர் சொல்லி முடித்தபோது ஒருவர் எழுந்து போய் மூலையில் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டில் என்ன நடந்ததோ, நாங்கள் கேட்கவில்லை.

நான் மட்டும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன்.

எதைச் சந்தேகப்படுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. அதிகம் பேசாத அம்மை இவ்வளவு கேள்வி கேட்டிருப்பாரா என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். பல பேர் முன்னால் ஒரு தோட்டக்காரர் தன் வீட்டு விஷயத்தை இப்படிச் சொல்வாரா என்று நினைத்தேன். பயந்த மனிதன் எதையும் சொல்வான். வீட்டில் துப்பாக்கி இருப்பது நல்லதா கெட்டதா என்று நண்பர்கள் வாதிடும்போதெல்லாம் இந்தக் கதை என் நாக்கு நுனிக்கு வரும். சொன்னால் வாதம் முடிந்துவிடும். ஆனால் சொல்ல வராது. அந்தக் குழந்தையைப் பற்றிய கேள்விக்கு என்னிடமும் பதில் கிடையாது. வெளியே இருந்தவன் நிஜமானவன் என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை.

அம்மை காலமாகிவிட்டார். மடத்தில் இப்போது யாரும் இல்லை. கந்தப்பன் நிலக்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். சென்ற மழைக்காலத்தில் அவரைப் பார்க்கப் போனேன். கண் மங்கிவிட்டது. குரல் மங்கவில்லை. நான் கேட்காமலே கதையை ஆரம்பித்தார். குருவிக்கூட்டுக்குச் சிரித்தார். கதையில் பேத்தி வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“துப்பாக்கிய எடுத்துக்கிட்டு மனுஷன் மலை இறங்கிட்டாரு. அவ்வளவுதான் தம்பி” என்று முடித்தார்.

வெளியே மழை விட்டிருந்தது. நான் கிளம்பவில்லை.

“அண்ணே, ஸ்டேஷன்ல துப்பாக்கியக் குடுத்துட்டு, வெறுங்கையோட அவர் வீடு போய்ச் சேர்ந்தாரா?”