ஆறாவது டம்ளர்

"என் பிள்ளைங்க என்னை நம்ப மாட்டேங்குறாங்க, மேடம்."

தனுஷ்கோடி மாஸ்டர் வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். பெர்னதெத் மைதானத்தில் குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

பளுதூக்கும் பயிற்சியைப் பதினைந்து வருஷம் முன்பு பெர்னதெத்திடம் கற்றுக்கொண்டவர் மாஸ்டர்; இப்போது ஒரு கல்லூரியில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். வயதில் மாஸ்டர்தான் மூத்தவர். இருந்தாலும் ஒரு சிக்கல் என்றால் இங்கேதான் வருவார்.

"யாரு நம்பல?"

"ஜெபமலர்னு ஒரு பொண்ணு. நான் கலக்கிக் கொடுத்த பாலை சாக்கடையில கொட்டிட்டா. என் கண்ணு முன்னாலேயே."

"பால்ல என்ன கலந்தீங்க?"

"புரோட்டீன் பவுடர்."

"பேரு?"

மாஸ்டர் பிடரியைத் தேய்த்தார்.

"டப்பா மேல ஒட்டியிருந்த காகிதம் வர்ற வழியில கிழிஞ்சிருச்சாம். தெரிஞ்சவர்தான் கொடுத்தாரு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜிம் வச்சிருக்கார். வெளிநாட்டுச் சரக்கு."

"அவர் சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறேன்னு சொன்னார்."

"பார்த்தீங்களா?"

"பார்க்கல."

பெர்னதெத் கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டினார்.

"பிள்ளைங்க தூக்குறது கூடியிருக்கா?"

"அதைக் கேளுங்க! மூணு மாசத்துல ஒவ்வொருத்தியும் பன்னிரண்டு கிலோ கூட்டிட்டா. போன வருஷம் மாநிலப் போட்டியில ஒரு மெடல்கூட இல்லாம வந்தோம். இந்த வருஷம் பாருங்க."

பெர்னதெத் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து மாஸ்டரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"நீங்க ஒரு தடவை வந்து சொல்லணும், மேடம். குரு மேல சந்தேகம் வந்துட்டா அப்புறம் என்ன கத்துக்க முடியும்?"

"நாளைக்குக் காலையில வர்றேன்."

"என்ன பேசுவீங்க?"

"பேச வரல. பார்க்க வர்றேன்."

*

காலை ஆறு மணிக்கெல்லாம் கல்லூரியின் தகரக் கொட்டகையில் பயிற்சி தொடங்கிவிட்டது. மொத்தம் ஆறு பெண்கள். ஐந்து பேர் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். ஆறாவது பெண் கனிஷ்கா, மாஸ்டரின் மகள். வீட்டிலிருந்து அப்பாவின் பைக்கில் வந்து போகிறவள்.

பெர்னதெத் மூலையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஒருத்தி வந்து வணக்கம் சொன்னாள். குரல் கரகரத்தது.

"சளியா?"

"இல்ல மேடம். ரெண்டு மாசமா இப்படித்தான்."

இன்னொருத்திக்குத் தாடையெல்லாம் பரு. கழுத்திலும் தோளிலும்கூட இறங்கியிருந்தது. துண்டை எடுத்து மூடிக்கொண்டாள்.

பெர்னதெத் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கனிஷ்காவின் முகத்தில் அவர் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது. தெளிவான முகம். பன்னிரண்டு கிலோ கூட்டியவர்களில் அவள் இல்லை என்பது அவள் தூக்கிய எடையிலேயே தெரிந்தது.

ஜெபமலர் தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். பெர்னதெத்தும் எழுந்து போனார்.

"பாலை ஏன் கொட்டினே?"

அந்தப் பெண் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க மாஸ்டரோட ஆளா?"

"அவருக்குச் சொல்லிக் கொடுத்தவ."

"அப்ப அவரோட ஆளுதான்."

"சரி. சொல்ல வேண்டாம்."

பெர்னதெத் முகத்தைக் கழுவிக்கொண்டார். முந்தானையால் துடைத்துக்கொண்டார். போகத் திரும்பினார்.

"மேடம்."

நின்றார்.

"எனக்கு மூணு மாசமா வரல. முதல்ல நான் பயந்தே போயிட்டேன். அப்புறம் ரூம்ல பேசிக்கிட்டோம். எங்க அஞ்சு பேருக்குமே அப்படித்தான்."

"மாஸ்டர்கிட்ட சொன்னியா?"

"இதை எப்படி மேடம் அவர்கிட்ட போய்ச் சொல்றது? பவுடர் பேரு என்னன்னு மட்டும் கேட்டேன். 'என் மேலேயே சந்தேகமா?'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னு சொல்லத் தைரியம் வரல. கொட்டிட்டேன்."

*

எட்டு மணிக்குப் பால் வந்தது.

மாஸ்டர் மேசையில் ஆறு டம்ளர்களை வரிசையாக வைத்தார். யாரையும் தொட விடமாட்டார். ஊற்றுவதும் அவர்தான், கலக்குவதும் அவர்தான்.

"பாருங்க மேடம், ஒவ்வொண்ணையும் நானே செய்றேன். பெத்த பிள்ளை மாதிரிதான் பார்க்கிறேன்."

காகிதம் கிழிந்த டப்பாவைத் திறந்தார். ஒரு கரண்டி. கலக்கினார். அடுத்ததற்கு ஒரு கரண்டி. பெர்னதெத் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது கரண்டி முடிந்ததும் மாஸ்டர் டப்பாவை மூடினார். பைக்குள்ளிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடத்தை எடுத்தார்.

"அது என்ன?"

"பேரீச்சம்பழமும் பாதாமும். வீட்டுல அரைச்சது. கனிஷ்காவுக்கு அந்தப் பவுடர் ஒத்துக்காது."

"குடிச்சுப் பார்த்தாளா?"

மாஸ்டர் கலக்கிக்கொண்டே இருந்தார். கரைய வேண்டியதெல்லாம் கரைந்த பிறகும் கலக்கினார்.

"இல்ல... வயிறு கொஞ்சம் லேசு அவளுக்கு."

பெண்கள் வந்து நின்றார்கள். நான்கு பேர் தங்கள் டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். ஜெபமலர் எடுக்கவில்லை.

அவளுக்கு வைத்திருந்த டம்ளரை பெர்னதெத் எடுத்தார். நேராகக் கனிஷ்காவிடம் கொண்டுபோனார்.

"இந்தாம்மா. இன்னைக்கு நீ இதைக் குடி."

"சரிங்க மேடம்."

அவள் வாங்கிக்கொண்டாள். வாயருகே கொண்டுபோனாள்.

"அவளுக்கு வேண்டாம்!"

தகரக் கூரை அதிரும்படி வந்தது அந்தக் குரல். மாஸ்டர் மேசையைச் சுற்றி ஓடிவந்து டம்ளரைப் பறித்தார். பால் அவர் சட்டையில் கொட்டியது.

கொட்டகையில் யாரும் அசையவில்லை.

"ஏன்ப்பா?" என்றாள் கனிஷ்கா.

மாஸ்டர் மகளைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார். நான்கு பேர் கையிலும் டம்ளர் இருந்தது. ஒருத்தியும் குடிக்கவில்லை.

குரல் கரகரத்த பெண்தான் முதலில் தன் டம்ளரைத் தரையில் வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். பருவை மூடியிருந்த பெண்ணும் வைத்தாள். கடைசியாக நின்றவள் அழத் தொடங்கினாள். ஜெபமலர் அவள் கையிலிருந்ததை வாங்கி வைத்தாள்.

கனிஷ்கா மேசைக்குப் போய்த் தனக்கென்று கலந்து வைத்திருந்த பாலைப் பார்த்தாள். அதைத் தொடவில்லை.

பெர்னதெத் டப்பாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் கிளம்புங்க. அரசு ஆஸ்பத்திரியில லேடி டாக்டர் எனக்குத் தெரிஞ்சவங்க. ஒண்ணு விடாம அவங்ககிட்ட சொல்லணும். வெட்கப்பட வேண்டாம், நான் கூட இருக்கேன். ஹார்மோன் மருந்து கலந்திருக்கான்னு இந்த டப்பா பரிசோதனைக்குப் போகட்டும். முடிவு வர்ற வரைக்கும் யாரும் போட்டிக்குப் போகக் கூடாது."

பெண்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கனிஷ்கா ஜெபமலரின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை.

மாஸ்டர் ஈரச் சட்டையோடு நின்றார்.

"சத்தியமாச் சொல்றேன், மேடம். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

பெர்னதெத் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அப்படியே கேட்டார்.

"தெரியாமத்தான் அஞ்சு டம்ளரோட நிறுத்தினீங்களா, மாஸ்டர்?"