டென்மார்க் மாடும் தகரக் கொட்டகையும்

பண்ணையார் சிங்காரவடிவேல் டென்மார்க்கிலிருந்து ஒரு பசுவை இறக்கினார். அங்கே நாளுக்கு நாற்பது லிட்டர் கறந்ததாம். உசிலம்பட்டி வெயிலில் நாலைத் தாண்டவில்லை.

"உசந்த ரத்தம்! நீதான் கறக்கத் தெரியாமக் கெடுக்குற. இன்னைக்கு நாற்பது வரலேன்னா வேலையைவிட்டு நின்னுக்க!" என்று மாடு கறக்கும் ஒச்சம்மாவிடம் குதித்தார்.

"கறந்துடலாங்கய்யா. பன்னெண்டு மணியிலேருந்து கறவை நேரம் வரைக்கும் நீங்க அது பக்கத்துல உக்காருங்க, போதும்."

தகரக் கொட்டகையில் பட்டுச் சட்டையோடு உட்கார்ந்தார். ஒரு மணிக்கு வீட்டிலிருந்து கறிச்சோறு வந்தது. மூன்று ஆள் சோற்றை ஒரே ஆளாகத் தின்பவர், இலையைத் தள்ளிவிட்டார்.

"இந்தப் புழுக்கத்துல எவன் திம்பான்? தண்ணியைக் கொடு!"

"இதைத்தாங்கய்யா மாடும் மூணு மாசமாச் சொல்லுது," என்றாள் ஒச்சம்மா. "பாவம், அதுக்குத் தமிழ் தெரியல."