லீவு நாள் கேப்டன்

ஆசானுக்கு வயது முப்பத்திமூன்று. சீடனுக்கு முப்பத்தாறு. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

சீடன் பெயர் ததேயுஸ். எல்லாருக்கும் ததேயு. குமரிக் கடற்கரைக்காரன். சென்னையில் ஒரு கால்பந்து கிளப்புக்கு கோல்கீப்பர், கேப்டனும் அவன்தான். ஆசான் பெயர் இலியாஸ். ஆம்பூர்க்காரர், அந்த அணியின் கோச். முழங்கால் போனதால் சின்ன வயதிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டுப் பயிற்சி கொடுக்க வந்தவர். வந்த புதிதில் ததேயு அவரை மதிக்கவே இல்லை. "பொடியன் வந்து எனக்கு கீப்பிங் சொல்லித் தரப்போறானாக்கும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஒரு நாள் இலியாஸ் சொன்னார். "அண்ணே, பந்து முகத்துக்கு நேரா வந்தா கண்ணை மூடிக்கிறீங்க."

ததேயு சண்டைக்குப் போய்விட்டான். பதினைந்து வருஷமாக கோல் காக்கிறவன் கண்ணை மூடுவதா? இலியாஸ் மறுநாள் பயிற்சியில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வீசுவதுபோல் ஓங்கினார். வீசவில்லை. மறுபடி ஓங்கினார். ஓங்கும்போதெல்லாம் ததேயுவின் கண் தானாக மூடிக்கொண்டது. அன்று சாயங்காலம் அவன் புல்லில் அப்படியே உட்கார்ந்து, "ஆசானே" என்றான். அவன் ஊர்ப்பக்கம் வித்தை சொல்லித் தருகிறவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்கப்புறம் வேறு பெயர் சொல்லி அவன் அவரைக் கூப்பிட்டதே இல்லை.

வாரத்தில் திங்கட்கிழமை மட்டும் அணிக்கு லீவு.

கிளப் குடியிருப்பில் ததேயுவின் அறை முதல் மாடி. திங்கட்கிழமை சாயங்காலம் அங்கே தனிச் சபை. அவனே காசிமேடு போய் மீன் வாங்கிவருவான், அவனே மசாலா அரைப்பான், அவனே பொரிப்பான். கூட ஆடுகிற பையன்கள் வந்து சீட்டாடுவார்கள், பாடுவார்கள். அப்புறம் கஞ்சா. பொட்டலம் அரிசி டப்பாவுக்குள் இருக்கும். உட்காருவதற்கு முன் எல்லாருடைய செல்போனையும் வாங்கி குக்கருக்குள் போட்டு மூடி வைத்துவிடுவான். எவனாவது படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டால்? அந்த அளவுக்கு ஜாக்கிரதை.

அவனுக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு. செவ்வாய் விடிந்தால் தொடமாட்டான். போட்டிக்கு முந்தின நாள் டீகூடக் குடிக்கமாட்டான். ஆட்டம் கிளப்புக்கு, திங்கட்கிழமை எனக்கு என்பான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பூவரசன் அந்தச் சபைக்குக் கடைசியாக வந்தவன். இருபது வயது, திருவாரூர்ப் பக்கம். இடது பக்கமாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான் என்றால் ஜெர்சியைப் பிடித்து இழுப்பதைத் தவிர எதிரணிக்காரனுக்கு வேறு வழி கிடையாது. நல்ல பிள்ளை. ததேயு அண்ணன் என்றால் அவனுக்கு உயிர்.

கெட்ட நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி முடிந்ததும் ஊக்கமருந்து பரிசோதனைக்காரர்கள் வந்து நின்றார்கள். சீட்டுக் குலுக்கியதில் பூவரசனின் எண் வந்தது. சிறுநீரைக் கொண்டுபோனார்கள். கஞ்சா என்று முடிவு வந்தது. திங்கட்கிழமை இழுத்தது ஞாயிற்றுக்கிழமைவரை உடம்பில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் என்று அந்தச் சபையில் யாருக்குத் தெரியும்? லீவு நாள் முடிந்தது உடம்புக்குத் தெரியவில்லை, பாவம்.

பையனை ஆட்டத்திலிருந்து நிறுத்தி வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை விசாரணை. யார் கொடுத்தது, எங்கே கிடைத்தது என்று உள்ளதைச் சொன்னால் தண்டனை குறையும், மறைத்தால் ஆட்டத்தையே மறந்துவிட வேண்டியதுதான் என்று கிளப்பின் வக்கீல் சொல்லிப் பார்த்தார். பூவரசன் ஒரே பிடியாக நின்றான்.

"யாரும் குடுக்கல சார். நானே வாங்கினேன். தனியாத்தான் இழுத்தேன்."

சொல்லிவிட்டு மூன்றாம் மாடியில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். கொண்டுபோய் வைத்த சாப்பாடு ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

விசாரணைக்கு முந்தின திங்கட்கிழமை மத்தியானம், இலியாஸ் ததேயுவின் அறைக்கு வந்தார். சபையில் நடப்பதை, குக்கர்வரைக்கும், ததேயு போன வாரம்தான் அவரிடம் சொல்லியிருந்தான்.

அன்றைக்குச் சபை கிடையாது. ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. ததேயு பழக்க தோஷத்தில் மீன் வாங்கி வந்து, பொரித்தும் வைத்துவிட்டு, தொடாமல் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க ஆசானே. சாப்பிடுறீங்களா?"

"சாப்பிட்டுட்டேன்."

"ஒண்ணு கேட்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்கண்ணே."

ததேயு தட்டை நகர்த்தி வைத்தான். கேட்க வேண்டியதை மூன்று நாளாக மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தவன், வாய் திறந்ததும் கொட்டிவிட்டான்.

"கையில பட்டை கட்டியிருந்தா நான் கேப்டன். சரி. எவன் தப்பு பண்ணினாலும் எம்மேல போடுங்க, வாங்கிக்கிறேன். லீவு நாள்லயும் நான் கேப்டனா? பட்டையைக் கழட்டி வெச்சிட்டு, கைலி கட்டிக்கிட்டு, மீன் பொரிச்சுத் தின்னுட்டு இருக்கும்போதும் கேப்டனா?"

இலியாஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையனை நான் கூப்பிட்டேனா? மீன் வாசனைக்கு அவனா வந்தான். நாலு வாரம் சும்மா தின்னுட்டுப் போனான். அப்புறம் அவனாத்தான் கேட்டான். நான் அவன் வாயில திணிச்சேனா ஆசானே? இருபது வயசு ஆகுது. ஓட்டு போடுறவன்."

"ம்."

"நாளைக்கு நான் போயி என் பேரைச் சொன்னா என்ன ஆகும், தெரியும்ல? இழுத்தவனைவிடக் குடுத்தவனுக்குத்தான் அடி ஜாஸ்தி. எனக்கு முப்பத்தாறு. தடை போட்டாங்கன்னா அதோட மூட்டை கட்டணும். ரெண்டு பொட்டைப் புள்ளைங்க படிக்குதுங்க. எனக்குப் பந்து பிடிக்கிறதைத் தவிர என்ன தெரியும்?"

பயந்துதான் போயிருந்தான். பயம் என்று ஒத்துக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

"சொல்லுங்க ஆசானே. லீவு நாள்ல நான் யாரு?"

இலியாஸ் எழுந்தார். பதில் வரப்போகிறது என்று ததேயு நிமிர்ந்து உட்கார்ந்தான். இலியாஸ் சமையல் மேடைக்குப் போய், அங்கிருந்த டப்பாக்களைப் பார்த்தார்.

"எதுலண்ணே வெச்சிருக்கீங்க?"

"எதை?"

"அதைத்தான்."

"அரிசி டப்பா..." என்று சொல்லிவிட்டு ததேயு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இலியாஸ் அரிசிக்குள் கையை விட்டுத் துழாவினார். பொட்டலம் வந்தது. அதற்குள் ஏற்கெனவே சுருட்டி வைத்தவை இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை ஊதிவிட்டு வாயில் வைத்துக்கொண்டார்.

"தீப்பெட்டி இருக்கா?"

ததேயு சிரித்துவிட்டான். பல நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தான். "போங்க ஆசானே. பீடி புகை பட்டாலே தும்முற ஆளு நீங்க."

"எனக்கும் இன்னைக்கு லீவுதானேண்ணே."

"விளையாடாதீங்க."

"யாரு பார்க்கப்போறா? கதவு சாத்தித்தான் இருக்கு. செல்போனை வேணும்னா குக்கர்ல போட்டுடறேன்."

அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. நிஜமாகவே செல்போனை எடுத்துக் குக்கருக்குள் போட்டு மூடினார். பிறகு அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. வாயில் இருந்ததோடு அதை நோக்கிக் குனிந்தார்.

"ஆசானே!"

ததேயு எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. நாற்காலி ஒரு பக்கம் விழுந்தது, மீன் தட்டு ஒரு பக்கம் பறந்தது. மேஜைமேல் கையை ஊன்றித் தாவி, நெருப்பு படுவதற்குள் அவர் வாயிலிருந்து அதைப் பிடுங்கிக் கசக்கித் தூர எறிந்துவிட்டான். அடுப்பையும் அணைத்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நாளைக்கு அந்தப் பையன் பக்கத்துல போய் நிக்கப்போறது நீங்க. உங்களையும் பிடிச்சு டெஸ்ட் எடுத்தாங்கன்னா? அவனுக்காகப் பேச வேற யாரு இருக்கா?"

"ஒரு தடவைதானேண்ணே."

"ஒரு தடவையும் வேணாம்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? முப்பத்திமூணு ஆகுது."

"எத்தனை ஆனா எனக்கென்ன? வேணாம்னா வேணாம்."

"நீங்க என்னைக் கூப்பிடல. நானா வந்தேன். நானாத்தான் எடுத்தேன்."

"எடுத்தா? எடுத்தா விட்டுடுவேனா? என் கண்ணு முன்னால நீங்க நாசமாப் போறதைப் பார்த்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா? அதுக்கா உங்களை ஆசான்னு கூப்பிடுறேன்?"

கத்திவிட்டான். பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

இலியாஸ் குனிந்தார். கீழே சிதறிக் கிடந்த மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தார். நாற்காலியை நிமிர்த்திப் போட்டார். குக்கரைத் திறந்து செல்போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவு நேரமும் ததேயு நின்ற இடத்திலேயே நின்றான். விரல்களில் கசக்கிய இலையின் நாற்றம் அடித்தது. அதைக் கைலியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

"எவ்வளவு வேகம்ணே" என்றார் இலியாஸ். அவர் குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "என் கண்ணுக்கே தெரியல."

ததேயு இன்னும் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பூவரசன் முதல் தடவை வாயில வெச்சானே, அன்னைக்கும் நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க?"

"ஆமா."

"அன்னைக்கு இந்தக் கை எங்கண்ணே இருந்துச்சு?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேலே மூன்றாம் மாடியில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். ததேயு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். தன் கைகளைப் பார்த்தான். அவை அன்றைக்கு எங்கே இருந்தன என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். இத்தனை நாளும் ஆசானிடம், மனைவியிடம், தன்னிடமும்கூட மற்றதையெல்லாம் சொல்லி அதை மட்டும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"தீக்குச்சியைப் பிடிச்சிருந்துச்சு ஆசானே. ஃபேன் காத்துல அணைஞ்சுடுமேன்னு இன்னொரு கையால மறைச்சிக்கிட்டேன்."

அவன் அழுதான். மறைக்காமல், பெரிய ஆள் என்று பார்க்காமல், சின்னப் பிள்ளைபோல அழுதான்.

இலியாஸ் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"அதை எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீங்க? நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணையில அவனைத்தான் கேட்கப்போறாங்க."